கோலா தெராயில் வளர்ந்த கெரிஸ் பிடி

கோலா தெராயில் கடல் ஓர் ஆளை எடுத்துக்கொண்டால் அதனிடம் திருப்பிக் கேட்பதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு, அதையும் எல்லோராலும் கேட்டுவிட முடியாது. கடலில் பிறந்த பொருளால் பிடி செய்த கெரிஸ் கத்தி ஒன்று அந்தக் குடும்பத்தில் இருக்க வேண்டும், அந்தப் பிடியைக் கத்தியிலிருந்து கழற்றி, ஆள் போன இடத்துக்குப் படகில் கொண்டுபோய், உன்னுடையதை நீ எடுத்துக்கொள், எங்களுடையதை எங்களுக்குக் கொடு என்று சொல்லித் தண்ணீரில் விட வேண்டும். கடல் கொடுத்துவிடும். ஆனால் அந்தப் பிடி மரமாகவோ கொம்பாகவோ தரையில் நடக்கும் பிராணியின் பல்லாகவோ இருந்துவிட்டால், தன்னை ஏமாற்றப் பார்த்த குடும்பத்திலிருந்து கடல் இன்னும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்விடும். இது அங்கே மலாய்க்காரர்களுக்கும் தெரியும், மீன் ஏலம் போடும் சீனர்களுக்கும் தெரியும், ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர்களுக்கும் தெரியும்; மழை பெய்தால் கூரை ஒழுகும் என்பதைப் போல அது பாட்டுக்கு இருந்தது, யாரும் உட்கார்ந்து விவாதித்ததில்லை.

ரொக்கியாவின் ஒரே மகன் லுக்மானைக் கடல் எடுத்துக்கொண்டது சுமாத்ரா காற்று அடிக்கிற பருவத்தில். விடிகிற நேரத்தில் மேற்கு வானம் கறுத்து, அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிப்பதற்குள் அடித்து ஓய்ந்துவிடுகிற காற்று அது. அதற்குள் ஆமைப் பாறைக்குப் பக்கத்தில் படகு கவிழ்ந்து, கூடப் போனவர்கள் மிதவையைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள், லுக்மான் சேரவில்லை. தேடினார்கள், வலை போட்டுத் தேடினார்கள், கடல் போலீஸ் வந்து தேடியது. பிறகு எல்லோரும் சுராவில், ஊர்த் தொழுகைக் கூடத்தில், கூடித் தொழுதார்கள். ஆனால் குளிப்பாட்ட உடல் இல்லை, கடைசியாக ஒருமுறை முத்தமிட முகம் இல்லை, துக்கத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் ரொக்கியா அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தாள்.

அப்படி நடந்துதான் அவள் தன் அண்ணன் ஜைலானியின் வீட்டுக்கு வந்தாள். செத்துப்போன அவர்கள் அப்பா பாக் டாவுட்டின் கெரிஸ் அந்த வீட்டில்தான், மஞ்சள் துணியில் சுற்றி, கண்ணாடி அலமாரியில் இருந்தது. அதன் பிடி, காய்ச்சலில் நடுங்குகிற ஒரு மனிதன் கைகளைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருப்பதைப் போலச் செதுக்கியது. மலாய்க் கெரிஸ்களில் அந்த வடிவம் சாதாரணம்தான். பிடி மரமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். வேறு என்ன என்று பாக் டாவுட்டிடம் யாரும் கேட்டு வைக்கவில்லை.

"அண்ணே, அவன் உயிரோட வரணும்னு கேக்கற அளவுக்கு எனக்குப் பைத்தியம் பிடிக்கல," என்றாள் ரொக்கியா. "கழுவி, துணி சுத்தி, அவன் அப்பா பக்கத்துல வைக்கணும். அவ்வளவுதான் எனக்கு."

ஜைலானி கெட்டவனில்லை. அவனுக்கும் அஸ்ரி என்று ஒரு மகன் இருந்தான், அவனும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். "சிப்பின்னா இப்பவே எடுத்துட்டுப் போ, நானே படகு தள்ளறேன்," என்றான். "பல்லா இருந்துச்சுன்னா, அடுத்தது என் பையன். நீயே சொல்லு, நான் என்ன செய்யட்டும்?"

ரொக்கியா என்ன சொல்வாள்? அவளுக்கும் அஸ்ரி மடியில் கிடந்து வளர்ந்த பிள்ளைதான். ஆகவே இரண்டு பேரும் சேர்ந்து சந்தியாகுவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

சந்தியாகு கடைத்தெருவில் பல் கட்டுகிறவர். டாக்டருக்குப் படித்தவரில்லை, ஆனால் அந்த வட்டாரத்தில் கிழடு தட்டிய எல்லா வாயிலும் அவர் கைவேலை சிரித்துக்கொண்டிருந்ததால் ஊர் அவரை டாக்டர் என்றே கூப்பிட்டது, அவரும் இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூட அதை மறுத்ததில்லை. பல்லைத் தெரிந்தவருக்கு வெள்ளையாய் கெட்டியாய் இருக்கிற எல்லாமே தெரியும் என்று யாரோ எப்போதோ முடிவு கட்டிவிட்டார்கள். அதிலிருந்து பிடி யானைத் தந்தமா, திமிங்கிலப் பல்லா, மான்கொம்பா, சங்கா, கீமா என்று மலாய்க்காரர்கள் சொல்கிற பெருஞ்சிப்பியா என்பதை அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது. அவர் பிடியை வெளிச்சத்துக்கு நேரே திருப்புவார், உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்ப்பார், கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு தன்னுடைய முன்பல்லில் மெல்ல ஒரு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டலுக்காகவே சனங்கள் கூடி நிற்பார்கள்.

இதைவிட எளிதான சோதனை ஒன்று உண்டு. ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் சிப்பி நுரைத்துக் கொதிக்கும், பல் சும்மா நனையும். ஆனால் கோலா தெராயில் எலுமிச்சை கத்தியின் இரும்புக்கு மட்டும்தான். வருஷத்துக்கொருமுறை கெரிஸைக் குளிப்பாட்டும்போதுகூடப் பிடியைக் கழற்றி, துணியில் சுற்றி, வேறு அறையில் வைத்துவிட்டுத்தான் பழத்தையே அறுப்பார்கள்; பிடியில் சாறு படுவது மூத்தவர் முகத்தில் தண்ணீரை வீசி அடிப்பதற்குச் சமம். அதனால் அன்றைக்கும் யாரும் எலுமிச்சையைப் பற்றி வாய் திறக்கவில்லை, சந்தியாகுவுக்கோ அது தேவை என்றே தோன்றவில்லை.

பிடி, பாக் டாவுட்டின் அடுப்படிப் பரணில் வருஷக்கணக்காகக் கிடந்து புகை குடித்துப் பழுத்திருந்தது. குறுக்கே பழுப்புக் கோடுகள் ஓடின. காலையிலிருந்து மாலைவரை அடுத்தவர் வாய்க்குள்ளேயே குனிந்து கிடக்கிற கண்ணுக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் கொஞ்சம் பல்லாகத்தான் தெரியும் போல. அவர் திருப்பினார், கனம் பார்த்தார், முன்பல்லில் தட்டினார்.

"யானையோட கடைவாய்ப்பல்," என்றார்.

"நல்லாப் பாருங்கண்ணே," என்றாள் ரொக்கியா.

"பாத்துட்டேன் தங்கச்சி. பல்லு பல்லுகிட்ட பேசும், எனக்குக் கேட்டுடும்."

அவள் அழவில்லை. தலைத்துணியைச் சரி செய்துகொண்டு, தேங்க்ஸ் அண்ணே என்று சொல்லிவிட்டு, வந்த மாதிரியே நடந்து போனாள். ஜைலானி நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டு, விட்டதற்காக வெட்கப்பட்டான்.

அந்த வாரமே பிடி வளரத் தொடங்கியது. முதலில் கவனித்தவள் ஜைலானியின் மனைவி சஹாரா. அலமாரியில் படுக்க வைத்திருந்த கெரிஸ் தலைக்கனம் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. நிமிர்த்தி வைத்தாள், மறுபடி சாய்ந்தது. பிறகு பிடி கைக்கு அடங்கவில்லை, பிறகு இரண்டு கைக்கும் அடங்கவில்லை, கட்டிய கைகளும் குனிந்த முதுகுமாக அந்தக் காய்ச்சல்காரன் அப்படியே, செதுக்கிய கோடு ஒன்றுகூடக் கலையாமல், பூசணிக்காய் அளவுக்கும் பிறகு தவழ்கிற குழந்தை அளவுக்கும் வந்து சேர்ந்தான், கத்தியோ அவன் அடியில் தைத்த ஊசி மாதிரி ஒட்டிக்கொண்டு இருந்தது.

சஹாரா புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஜைலானி பார்த்துவிட்டு, "பல்லுதானே, வளரும்," என்றான். ஊரும் அதையே சொன்னது. டாக்டர் பல் என்று சொல்லியிருக்கிறார், பல் என்றால் முளைக்கும் வளரும், முயலுக்கும் எலிக்கும் சாகும்வரை வளரவில்லையா, யானைக்கு மட்டும் என்ன வந்தது? இப்படிச் சமாதானமாகிப்போன பிறகு, பல்லுக்கு என்னென்ன செய்ய வேண்டுமோ அதையெல்லாம் ஊர் அதற்குச் செய்ய ஆரம்பித்தது. சஹாரா தினமும் காலையில் பற்பசை போட்டு அதைத் தேய்த்துக் கழுவினாள். பல் முளைக்கத் தாமதமாகிற குழந்தைகளைத் தாய்மார்கள் தூக்கி வந்து, ஈறை அதன் முதுகில் உரசிவிட்டு எடுத்துப்போனார்கள். பால்பல் ஆடுகிற பிள்ளைகள் வரிசையில் நின்று தொட்டார்கள். பள்ளிக்கூட வாத்தியார் வகுப்போடு வந்து படம் வரையச் சொன்னார். தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி ஒருநாள் வந்து அதன் கழுத்தில் ஒரு முழம் மல்லிகையைப் போட்டார். மார்க்கம் சொல்லிக்கொடுக்கிற உஸ்தாஸ் வந்து, ஆண்டவன் படைப்பை மதிக்கலாம், மாலை போட வேண்டாம் என்று பூவைக் கசங்காமல் எடுத்து, பூசாரி வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து தேநீரும் குடித்துவிட்டு வந்தார். கட்டிய கைகளின் மடிப்பில் மழைச்சாரல் தேங்கினால் கொசு முட்டையிடும் என்று சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர் வந்து டார்ச் அடித்துப் பார்த்து, இப்போதைக்குப் பரவாயில்லை என்று சொல்லிப் போனார். எதிர்க் காப்பிக்கடை ஆ லெக், வருகிற கூட்டத்துக்காக நான்கு மேசையை வெளியே இழுத்துப் போட்டான்.

இத்தனைக்கும் நடுவில் ரொக்கியாவும் வந்தாள். அவள் தொடவில்லை, யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மதியம் வலை தைக்கிற வேலை முடிந்ததும் வந்து, அலமாரிக்கு எதிரே பாய் விரித்து உட்கார்ந்து, அதன் குனிந்த தலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அஸர் தொழுகைக்கு எழுந்து போவாள். ஒருநாள் சஹாராவிடம், "இவனுக்குக் குளிருது," என்றாள். மறுநாள் லுக்மான் இடுப்பில் கட்டுகிற சாரம் ஒன்றைக் கொண்டுவந்து அதன் தோளில் போர்த்திவிட்டாள். யாரும் அதை எடுக்கவில்லை.

தலை வளர்ந்து அலமாரிக் கண்ணாடியில் முகவாய் இடித்தபோது ஜைலானி சந்தியாகுவைக் கூப்பிட்டான். "டாக்டர், கொஞ்சம் ராவி விடுங்க. குதிரைக்கெல்லாம் பல்லு ராவுவாங்களாமே."

சந்தியாகு பெட்டியைத் திறந்து அரத்தை எடுத்தார். அன்றைக்கும் கூட்டம் இருந்தது. அவருக்கும் கூட்டம் இருந்தால்தான் கை ஓடும். ரொக்கியா எழுந்து வந்து, பல் பிடுங்கப் போகிற பிள்ளையைத் தாய் பிடித்துக்கொள்வது மாதிரி அதன் தோளைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாண்ணே," என்றாள்.

அவர் முகவாயில் அரத்தை வைத்து இழுத்தார். வெள்ளைத் தூள் பறந்தது.

பல்லை ராவினால் ஒரு நாற்றம் வரும். தலைமுடி தீயில் பொசுங்குகிற நாற்றம். அது சட்டையில் ஏறினால் சோப்புக்கும் போகாது. முப்பது வருஷமாக அந்த நாற்றத்தில்தான் சந்தியாகு சோறு தின்று தூங்கி எழுந்தார், மூக்கை மூடிக்கொண்டு போனாலும் அதை அவர் அறிவார். இந்தத் தூளில் அது இல்லை. கடல் வற்றிப் போன காலையில் ஈர மணலைக் காலால் கிளறினால் எழுமே, அந்த வாசம், அது மட்டும்தான் இருந்தது. அவர் இன்னொரு இழுப்பு இழுத்தார். புகைக்கறை போன இடத்தில் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக, பட்டு மாதிரி மினுங்கிக்கொண்டு, பிடியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை ஓடின. எந்த யானைப் பல்லிலும் கோடு அப்படி ஓடாது. கீமாதான், பெருஞ்சிப்பிதான், சந்தேகமே இல்லை.

அந்த நிமிஷம் அவர் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்து ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தவள் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், பிடியின் தோளைத் தாங்கிக்கொண்டு நின்றாள். அவர் சொல்லவில்லை. ஊர் சிரிக்குமே என்பது ஒன்று. இத்தனை குடும்பத்துக்குப் பார்த்துச் சொன்ன பிடியெல்லாம் சந்தேகமாகிவிடுமே என்பது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேல், முதலில் தப்பாகச் சொன்ன வாய் இரண்டாவதும் தப்பாகச் சொல்லி அஸ்ரியையும் அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்கிற பயம். அது உண்மையான பயம்தான், ஆனால் மற்ற இரண்டையும் அதன் பின்னால் ஒளித்து வைக்க வசதியாகவும் இருந்தது. அவர் ராவி முடித்து, தூளை ஊதிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போனார்.

பிடி மறுபடி வளர்ந்தது, மறுபடி கூப்பிட்டார்கள், மறுபடி போனார். வாரா வாரம் அந்த முகவாயில்தான் அரம் ஓடியது, ஏனென்றால் கண்ணாடியில் இடித்தது அதுதான்.

வீட்டில் அவர் மனைவி அமலோற்பவம் சட்டையைத் துவைக்க எடுத்தவள் முகர்ந்து பார்த்துவிட்டுக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். புருஷனின் தொழில் நாற்றம் அவளுக்கும் முப்பது வருஷப் பழக்கம்.

"என்னங்க இது, கடற்கரைக்குப் போய்ப் புரண்டுட்டு வந்தீங்களா?"

அவர் அரத்தைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"உங்க பேருக்குரிய புனிதர் நெஞ்சுமேல சிப்பியக் குத்திக்கிட்டு நிக்கறாரு, தெரியுமில்ல? கோயில் சுவத்துல நீங்களே காட்டினீங்க. அவரு பேர வச்சுக்கிட்டு, சிப்பியப் பாத்து யானப் பல்லுன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க." கேலியாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது அவள் குரலில் கேலி இல்லை. "அந்தப் பொம்பள தினம் போய் அது முன்னாடி உக்காந்திருக்கா. போய்ச் சொல்லிட்டு வாங்க."

"சொல்றேன்."

"எப்ப?"

"சொல்றேன்னு சொல்றேன்ல?"

அவள் அந்தச் சட்டையைத் துவைக்கவில்லை. அவர் கண்ணில் படுகிற மாதிரி, அப்படியே கொடியில் தொங்கவிட்டாள். அடுத்த வாரச் சட்டையையும் அதன் பக்கத்திலேயே தொங்கவிட்டாள்.

காற்றுப் பருவம் முடிகிற சமயத்தில் அஸ்ரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை இடுப்பில் தாத்தாவின் கெரிஸ் இருக்க வேண்டும். ஆள் உயரத்துக்குக் குந்தியிருக்கிற ஒன்றை இடுப்பில் செருக முடியாது. பிடியின் தலையைக் கழுத்தோடு அறுத்து, அறுத்த தலையையே சின்னதாகக் கடைந்து, கத்தியில் மாட்டித் தரும்படி ஜைலானி சந்தியாகுவிடம் கேட்டான். வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து எல்லோரும் வந்துவிடுவார்கள், அப்போது அறுக்கலாம் என்றான்.

வெள்ளிக்கிழமை வந்தது. அலமாரிக்குள் அது என்றைக்கோ கொள்ளாமல் போய் வாசல் வராந்தாவில் இருந்தது. முட்டி மடக்கி, கை கட்டி, தலை குனிந்து, தோளில் சாரத்தைப் போர்த்திக்கொண்டு, காய்ச்சலோடு கடலிலிருந்து இப்போதுதான் ஏறி வந்து உட்கார்ந்த ஒரு வாலிபன் அளவுக்கு இருந்தது. ஆண்கள் தொழுதுவிட்டு அப்படியே வந்து நின்றார்கள், பெண்கள் படியில் உட்கார்ந்தார்கள், ஆ லெக் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தான். ரொக்கியா சாரத்தை எடுத்து மடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அறுக்க வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. பல் என்று சந்தியாகு சொல்லிவிட்டுப் போன பிறகு அதற்காகச் சண்டை போட அவளுக்கு என்ன உரிமை?

சந்தியாகு ரம்பத்தைக் கழுத்தில் வைத்தார். எதிரே, மடித்த சாரத்தோடு, ரொக்கியா நின்றிருந்தாள். ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"சஹாரா, ஒரு எலுமிச்சம்பழம் குடும்மா."

"கத்திய இன்னும் கழட்டலையே டாக்டர்."

"கத்திக்கு இல்ல. பிடிக்கு."

முணுமுணுப்பு எழுந்தது. கூட்டத்திலிருந்த கிழவர் ஒருவர், இவன் யார் எங்கள் பிடியின் மேல் எலுமிச்சை விட என்று கத்தினார், உஸ்தாஸ் அவர் கையைப் பிடித்து அமர்த்தினார். சஹாரா ஜைலானியைப் பார்த்தாள், ஜைலானி ரொக்கியாவைப் பார்த்தான். ரொக்கியா தானே உள்ளே போய் ஒரு பழத்தை எடுத்து, தானே இரண்டாக நறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

அவர் பிழிந்தார். சாறு குனிந்த நெற்றியில் விழுந்து, ராவி ராவித் தேய்ந்திருந்த முகவாய்க்கு இறங்கியது, இறங்கின வழியெல்லாம் வெள்ளையாக நுரைத்து, சிறு சத்தத்தோடு பொங்கிப் பொங்கி அடங்கியது. அத்தனை பேர் நின்ற வராந்தாவில் அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டது.

"சிப்பி," என்றார் சந்தியாகு. "நான் பல்லுன்னு சொன்னது தப்பு."

ஜைலானி அவர் சட்டையைப் பிடிக்க வந்தான், அஸ்ரி குறுக்கே நின்று அப்பாவைத் தடுத்தான். ரொக்கியாவோ அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எப்பத் தெரியும் அண்ணே உங்களுக்கு?"

அப்போது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் சந்தேகம் வந்தது என்று சொல்லியிருந்தால் ஊரே நம்பியிருக்கும். "மொத நாள் ராவினப்பவே தெரியும் தங்கச்சி," என்றார். "நீ தோளப் பிடிச்சுக்கிட்டு நின்னியே, அன்னைக்கே."

திட்டினால் தேவலை என்று அவருக்கு இருந்தது. அவள் திட்டாமல், மடித்த சாரத்தை உதறி மறுபடி அதன் தோளில் போர்த்தி, நுரையைத் தன் தலைத்துணி முனையால் துடைத்துவிட்டாள்.

ஜைலானி தன் கையாலேயே கத்தியை உருவிக் கழற்றினான். மறுநாள் காலையில், கடல் எண்ணெய் ஊற்றினாற்போலக் கிடந்தபோது, லுக்மானோடு போய்த் திரும்பி வந்த அந்த ஆட்களே அதைத் தூக்கிப் படகில் உட்கார வைத்தார்கள். அஸ்ரி மோட்டாரைப் பிடித்தான். சந்தியாகு துறையில் நின்றார். வா என்றும் யாரும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை, அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிக்கொண்டார். படகு ஆமைப் பாறையில் போய் நின்றது. அங்கே ரொக்கியா அதன் காதருகில் குனிந்து, சொல்ல வேண்டியதைச் சொன்னாள். உன்னுடையதை நீ எடுத்துக்கொள், எங்களுடையதை எங்களுக்குக் கொடு. சாரத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள். அவர்கள் அதைத் தண்ணீரில் இறக்கினார்கள்; அது கவிழவும் இல்லை புரளவும் இல்லை, உட்கார்ந்தபடியே, கை கட்டினபடியே, கீழே கீழே போய்க்கொண்டிருப்பது நெடுநேரம் தெரிந்தது.

தண்ணீர் அடுத்து ஏறினபோது கடல் லுக்மானைக் கொண்டுவந்து ஆற்று முகத்து மணலில் வைத்தது. அழுகாமல், ஊதாமல், மீன் தொடாமல், போன அன்று போட்டிருந்த அதே சட்டையில், தூங்குகிறவன் மாதிரி ஒருக்களித்துக் கிடந்தான். வெயில் ஏறுமுன் எடுத்து வந்துவிட்டார்கள். பந்தல் போட்டார்கள், தண்ணீர் நிரப்பினார்கள், பெண்கள் பூ ஆய்ந்து, சந்தனமும் கற்பூரமும் இடித்தார்கள். இத்தனை மாதம் அழாத ரொக்கியா அவன் பாதத்தில் முகம் வைத்து ஊர் கேட்க அழுதாள், அந்த அழுகையைக் கேட்டு ஊர் முழுக்க ஒரு நிம்மதி பரவியது. வெளியே தென்னைமரத்தடியில் நின்ற சந்தியாகுவும் அழுதார். கொடுத்துவிட்டது, கொடுத்துவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

தாடையைத் துணியால் கட்டுவதற்காக, சுராவில் பாங்கு சொல்கிற பிலால் வாயைச் சேர்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது. கன்னம் உள்ளே ஒடுங்கியிருந்தது. வாய்க்குள் ஒரு பல்லும் இல்லை. உடைந்ததோ பிடுங்கியதோ கிடையாது, காயமும் கிடையாது. ஈறு வழவழவென்று மூடி, பல் என்று ஒன்று அங்கே முளைத்ததே இல்லை என்பது போல இருந்தது. கடல் எல்லாவற்றையும் சரியாகத் திருப்பிக் கொடுத்து, அரத்துக்குப் போனதை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டுவிட்டது.

செய்தி வெளியே வர நேரமாகவில்லை. சந்தியாகு ஓடினார், ஐம்பத்தெட்டு வயதில் கடைத்தெரு முழுக்க ஓடி, மெழுகும் அச்சும் பல் பெட்டியுமாகத் திரும்பி ஓடி வந்து, வாசற்படியில் மூச்சு வாங்க நின்றார்.

"அஸருக்கு முன்னாடி கட்டிடுவேன்," என்றார். "தங்கச்சி, அளவு மட்டும் எடுக்க விடு. அவன் வயசுக்கு, அவன் முகத்துக்கு ஏத்த மாதிரி, யாருக்கும் வித்தியாசம் தெரியாம செஞ்சிடுவேன். இத மட்டுமாவது செய்ய விடு."

மடியில் மகனின் தலையை வைத்திருந்த ரொக்கியா நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் கோபத்தைத் தேடினார். அது இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

"வேணாண்ணே," என்றாள். "இவன மொத மொத என் கையில குடுத்தப்பவும் இப்படித்தான் குடுத்தாங்க. அன்னைக்கு நான் குறைன்னு சொன்னேனா?"

சொல்லிவிட்டு, பிலாலின் கையிலிருந்து துணியை வாங்கி, மகனின் தாடையை அவளே கட்டினாள்.